ஓரத்தில் வைத்த வட்டம்

என் செல்லச் சண்டைக்காரி ஸ்டெல்லாவுக்கு,

நீ காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகிறது. இவ்வளவு தாமதமாக எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. முன்பே எழுதியிருந்தால் நல்ல சேதி எழுதியிருப்பேன். இப்போது கையில் இருப்பது வேறு.

எனக்கு ஒரு மகள், ஒன்றரை வயது. எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். தூங்கும்போதும் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி ஆவேன் என்று நீ நினைத்திருப்பாயா?

நம் காற்றுக்கு வருகிறேன். ஒரு கேலக்ஸியின் நடுவே இருக்கும் கருந்துளை, தன்னிடம் விழ வந்த வாயுவில் ஒரு பங்கைக் காற்றாக வெளியே ஊதித் தள்ளுகிறது என்று மாநாட்டுத் தொகுப்பில் ஒரு பக்கம் எழுதினோம். சாட்சி, விண்வெளித் தொலைநோக்கி அனுப்பிய எக்ஸ் கதிர்களை வைத்துப் போட்ட வரைபடத்தில் ஒரு சின்னப் பள்ளம். வெளியேறும் வாயு கதிரை விழுங்கிய இடம் அது என்று நம்பினோம். ஒளியின் வேகத்தில் ஏழில் ஒரு பங்கு என்று நீதான் கணக்குப் போட்டாய். உன் அப்பா சிரித்தாரே: "காத்தக் கண்டுபுடிக்க இம்மாம் படிப்பா? டோல்கேட்டாண்ட நின்னா மூக்கே கண்டுபுடிச்சிரும்மே." நீ அவரை அடிக்க ஓடினாய்.

போன மாதம் அதை விரிவான கட்டுரையாக எழுத உட்கார்ந்தேன். மடியில் மகளின் மத்தியானத் தூக்கம். தொலைநோக்கியின் கேமராவில் உள்ள செம்பு தானாகவே எக்ஸ் கதிரில் கொஞ்சம் மினுங்கும். அதைக் கழிக்கத்தானே படத்தில் பக்கத்து வெற்று வானத்தின் மேல் ஒரு வட்டம் போட்டு அளப்போம்? அந்த மினுக்கம் கேமராவின் நடுவில் குறைவு, ஓரத்தில் அதிகம். நம் கேலக்ஸி நடுவில் இருந்தது. வட்டத்தை நான் ஓரத்தில் வைத்திருந்தேன். இல்லாத செம்பைக் கழித்ததில் விழுந்த பள்ளம் அது. வட்டத்தை நடுவுக்கு நகர்த்தினேன், பள்ளம் காணோம். ஓரத்துக்குக் கொண்டுபோனேன், வந்துவிட்டது. மூன்று தடவை செய்து பார்த்தேன் ஸ்டெல்லா.

காற்றே இல்லை.

"இன்னாத்துக்குடி இவ்ளோ ஓரமா வெச்சிக்கீற?" என்று வட்டம் போட்டபோதே நீ கேட்டாய். "அங்கதான்டி சுத்தமா கீது, வுடு" என்றேன். நீயும் விட்டுவிட்டாய். எல்லாவற்றுக்கும் சண்டை போட்டவள், அன்றைக்கு ஒரு சண்டை போட்டிருக்கக் கூடாதா?

நம் பேராசிரியரிடம் சொன்னேன். "மாநாட்டுத் தொகுப்புல வந்ததைத் திரும்பப் பெறணும்மா. ஸ்டெல்லா பேரை எடுத்துடலாம். செத்தவங்களுக்கு எதுக்கு இந்தக் கெட்ட பேரு?" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் உன் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு பக்கத்தில் மட்டும். அதிலிருந்தும் உன்னை நானே அழிக்கவா?

போன ஞாயிறு, உன் அம்மாவிடம் சொல்லிவிடத்தான் ராயபுரம் போனேன். "வாமே நசீமா! கொயந்தைக்கு சோறு ஊட்றியா, கம்ப்யூட்டர ஊட்றியா?" என்று மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே சுவரிடம் போனார். மாதா படத்துக்கு அருகே, உன் பெயர் அச்சான அந்தத் தாள், கண்ணாடி போட்டு. "பாரு கண்ணு, உங்க பெரிம்மா புடிச்ச காத்து. ஒலகத்துல ஆரும் பாக்காத காத்து." மகள் கண்ணாடியில் கையை வைத்தாள். நான் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

திரும்பப் பெறும் கடிதத்தை இன்று எழுதி முடித்தேன். உன் பெயர் அதில் இருக்கிறது. வட்டத்தை வைத்தவள் நான், ஏன் ஓரத்தில் என்று கேட்டவள் நீ என்று எழுதியிருக்கிறேன். அதனால் எதுவும் திரும்பாது, தெரியும். ஒரு கேள்வியை யார் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறார்கள்?

அனுப்புவதற்கு முன் உன் அம்மாவிடம் நானே சொல்வேன். இந்தத் தடவை சாப்பிட உட்காரும் முன்பே சொல்வேன், சத்தியம். கண்ணாடி போட்ட அந்தத் தாளைக் கழற்றுங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அவராகக் கழற்றினால், கீழே விழாமல் ஒரு பக்கம் பிடித்துக்கொள்வேன்.

உன் வீட்டின் இன்னொரு பொண்ணு,
நசீமா