'வேண்டாம்' என்ற சொல்லைக் காணவில்லை

சூன் 9, திங்கள்
மகளின் பேசுபலகையைப் பள்ளி வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொண்டனர். ஒன்பது அகவை; வாய்ப்பேச்சு வராது. படத்தைத் தொட்டால் பலகை அவளுக்காகப் பேசும். அதிலுள்ள சொற்கள் அனைத்தும் என் குரல்; மேடைகளில் முழங்கும் அதே குரல். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேடம், பாப்பா 'வேண்டாம்'னு தொட்டா கிளாஸே பொதுக்கூட்டம் மாதிரி ஆயிடுது. உள்ள நீங்க உக்காந்து முழங்குறீங்க! அதோட, செல்போனுக்குத் தடை இருக்குல்ல? இதுவும் அந்த மாதிரிதானே?"
செல்பேசியும் ஒரு குழந்தையின் நாவும் ஒன்றா?

சூன் 11
"கொஞ்சம் பொறுத்துதான் பாரேன். எடுத்ததுக்கெல்லாம் மைக்கப் பிடிக்கணுமா?" என்கிறார் கணவர். பொறுப்பதா? நானா?

சூன் 16
காலணி அணிய மறுக்கிறாள். பள்ளி செல்லும் நேரமானால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறாள். வகுப்பில் என்னதான் நடக்கிறது? "ரொம்ப சமத்தா இருக்கா மேடம், சத்தமே இல்ல" என்கிறார் வகுப்பாசிரியை. சத்தமே இல்லை — இதைப் பாராட்டென்று நினைத்துச் சொல்கிறார்!

சூன் 20
மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் முன்னிலையில் முறையிட்டேன். உதவிக் கருவி எவரும் இரங்கி ஈயும் சலுகையன்று, உரிமை. சட்டம் அதைப் பள்ளியின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை என்றேன். நான் எழுதிக் கேட்டபடியே ஆணை பிறந்தது: பள்ளி கருவியை அனுமதித்தாக வேண்டும். வெளியே காத்திருந்தோர் கைதட்டினர். "இன்னைக்கு நீ பேசினதுதான் பேச்சு" என்றார் கணவர்.

சூன் 23
பலகை திரும்பியது. வென்றோம்.

சூன் 24
வென்றோமா? பலகை இப்போது மெல்லிய இயந்திரக் குரலில் பேசுகிறது. வணக்கம், ஆம், நன்றி, தண்ணீர், கழிவறை — இவ்வளவே. 'வேண்டாம்' இல்லை. 'வலிக்கிறது' இல்லை. 'அம்மா' இல்லை.
தொலைபேசியில் கேட்டேன். "ஸ்கூலுக்குத் தேவையானத மட்டும் வச்சிருக்கோம் மேடம். ஆர்டர்ல கருவின்னுதானே இருக்கு? கருவியக் குடுத்துட்டோமே."
ஆம். கருவியைத்தான் கேட்டேன். சொற்களைக் கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.
மாலையில் சீருடையைக் கழற்றும்போது இடக்கையைத் தொட்டேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பலகையை அழுத்தினாள். "நன்றி."
என்னடி தங்கம்? யாரு? என்ன பண்ணாங்க? அம்மாகிட்ட சொல்லுடா —
"நன்றி. நன்றி. நன்றி."

சூன் 25
அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. சொற்களை மீண்டும் பதிந்தேன். இம்முறை முழங்கவில்லை. முதலில் 'வேண்டாம்'. அதைத் தொட்டாள். மீண்டும் தொட்டாள். தட்டில் சோறு ஆறிற்று. விரல் அந்தப் படத்தை விட்டு அகலவில்லை.
எது வேண்டாம்? அதைச் சொல்லப் பலகையில் படமேது?
சென்ற ஆண்டு எடுத்த வகுப்பு ஒளிப்படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அவள் முன் வைத்தேன். கணவர் என் தோளைப் பற்றிக்கொண்டார். விரல் மெல்ல நகர்ந்தது. நின்றிருந்த பிள்ளைகளின் வரிசைகளைக் கடந்து, கீழே, நாற்காலிகளில் அமர்ந்திருந்த ஆசிரியர்களிடம் வந்து நின்றது.