நெட்டையின் பக்கத்துக்கு வந்து போனவர்கள்

4 மார்ச் 2001

அன்புள்ள வாலுவுக்கு,

நெட்டை எழுதுவது. நலம். நீ நலமாக இருப்பதைத்தான் பேப்பரிலேயே பார்த்தேனே, அரைப் பக்கத்துக்குப் படம் போட்டிருக்கிறார்கள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. மியூசியத்தில் ஓவியப் பிரிவுக்கே தலைவியாகப் போகிறாயாமே. எல்லாம் அந்தப் பறவைப் புத்தகத்தின் புண்ணியமாம்.

பேட்டியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "உங்கள் பறவைகளுக்கு ஏன் கால்களே தெரிவதில்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். "பறவை வானத்துக்குச் சொந்தம். அதை மண்ணோடு கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை" என்று சொல்லியிருக்கிறாய். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அடியே, எனக்குக் கால் வரைய வராது! அதனால்தான் எல்லாவற்றையும் புல்லும் இலையும் போட்டு மறைத்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வர்ணனை எழுதிக்கொண்டிருந்த உனக்கா இது தெரியாது?

சிரித்து முடித்ததும் வயிறு எரிந்தது. மூன்று வருஷம் வரைந்தேன். அட்டையில் உன் பெயர் மட்டும் வந்தது. கேட்டதற்குப் பதிப்பகத்தின் தவறு என்றாய். சிநேகிதியாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது என் கையாலாகாத்தனத்தையும் உன் தத்துவம் என்கிறாய். இதை விடமாட்டேன்.

இன்டர்நெட்டில் எனக்கென்று ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறேன். தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் செய்துகொடுத்தார். இடது பக்கம் என் பென்சில் படங்கள், தேதியோடு. வலது பக்கம் உன் புத்தகத்தில் அச்சான அதே படங்கள். அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. பக்கத்தைத் திறந்தால் அதில் எண் கூடும். முகவரியைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். போய்ப் பார்.

உன்
நெட்டை

11 மார்ச் 2001

என் அருமை நெட்டைக்கு,

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கை கால் ஓடவில்லை. இத்தனை வருஷ சிநேகிதத்தில் இப்படியா பேசுவது? உனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி பகலாகப் பக்கத்தில் இருந்தவள் நான். அதெல்லாம் மறந்துபோச்சா?

முன்னுரையின் கடைசி வரியில் "உதவிய தோழிக்கு நன்றி" என்று போட்டிருக்கிறேனே. அந்தத் தோழி நீதான். பேட்டியில் திடீரென்று கேட்டுவிட்டார்கள், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே.

அலுவலகக் கம்ப்யூட்டரில் உன் பக்கத்தைப் பார்த்தேன். முதலில் எட்டு என்று இருந்தது. மனசு கேட்காமல் திரும்பத் திரும்பத் திறந்தேன், சாயங்காலத்துக்குள் இருபதைத் தாண்டிவிட்டது. மறுநாள் அதற்கும் மேல். யாருடி இவர்கள்? யாருக்கெல்லாம் சொன்னாய்? மாத முடிவில் தேர்வுக் குழு கூடுகிறது. தயவுசெய்து அதற்குள் எடுத்துவிடு. உனக்கு ஒரு நல்ல வண்ணப்பெட்டி வாங்கி அனுப்புகிறேன்.

என்றும் உன்
வாலு

15 மார்ச் 2001

வாலுவுக்கு,

வண்ணப்பெட்டி என்னிடம் இருக்கிறது. உன்னிடம்தான் எப்போதும் இருந்ததில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் படங்களை வரைந்தது யார் என்று உன் இயக்குநரிடம் உன் வாயால் சொல். எழுத்து உன்னுடையது, அதில் எனக்குப் பங்கு வேண்டாம். நீ சொன்ன அன்றைக்கே பக்கத்தை எடுத்துவிடுவேன். சொல்லாவிட்டால் அது அங்கேதான் இருக்கும், நீயும் எண்ணைப் பார்த்துக்கொண்டே இரு.

நீ தூக்கமில்லாமல் புரள்வாய் என்று நினைக்கும்போது எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

நெட்டை

24 மார்ச் 2001

நெட்டை,

நானூறைத் தாண்டிவிட்டது! உனக்குத் திருப்தியா?

எனக்கு வேலையே ஓடவில்லை. காலையில் வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் திரும்பத் திறக்கிறேன், அதற்குள் யாரோ பார்த்திருக்கிறார்கள். யாரோ நாள் பூராவும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். காபி குடிக்கும் இடத்தில் இரண்டு பேர் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது. தட்டச்சு செய்கிற பெண் "என்ன மேடம், முகம் வாடியிருக்கு?" என்று கேட்டாள். அவளும் பார்த்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

மற்றவர்கள் போய்ச் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிடலாம் என்று நேற்று இயக்குநரின் அறைக்குப் போனேன். "சார், அந்தப் பக்கத்துல இருக்கறது எல்லாம் பொய். எனக்கு ஆகாத ஒருத்தி செஞ்ச வேலை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்தப் பக்கம்மா?" என்றார். தெரியாத மாதிரி கேட்கிறார் பார்! முகவரியை எழுதி வாங்கிக்கொண்டார்.

அடுத்த பதிப்பில் உன் பெயரையும் உள்ளே போடச் சொல்கிறேன். இதற்கு மேல் என்ன செய்யட்டும்? குழு கூட இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், எடுத்துவிடு.

வாலு

2 ஏப்ரல் 2001

வாலுவுக்கு,

உங்கள் இயக்குநர் எனக்குப் போன் செய்தார். என் போன் நம்பரை அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்தாராம். பென்சில் படங்களை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். போனேன். மேஜை முழுக்கப் பரப்பிக் காட்டினேன். என் எதிரிலேயே உன்னைக் கூப்பிட்டனுப்பினார். உனக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்குப் போய்விட்டாய் என்றார்கள். அதற்கு முதல் நாள் உன்னை ஒரு காகம் வரையச் சொன்னாராமே. மணிக்கட்டு சுளுக்கு என்றாயாம்.

பதவி உனக்கு இல்லை என்று முடிவாகிவிட்டதை அவர்கள் உனக்குச் சொல்லியிருப்பார்கள். அடுத்த பதிப்பில் என் பெயர் உள்ளே இல்லை, அட்டையில் வருகிறது.

இனி நான் சொல்வதைக் கேள். அந்த முகவரியை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. உனக்கு அனுப்பிய தாள் ஒன்றுதான். முதலில் ஏழு இருந்தது, நானும் கடைக்காரரும் சரிபார்க்கத் திறந்தது. அதற்குப் பிறகு, நீ இயக்குநரிடம் போய்ச் சொல்லும்வரை, கூடியதெல்லாம் நீ. ஒரே ஆள் நூறு தடவை திறந்தாலும் அந்தப் பெட்டிக்கு நூறு வருகைதான். உன்னைப் பார்த்தே நீ பயந்திருக்கிறாய். உன் இயக்குநருக்கு ஒன்றும் தெரியாது. நீயாகப் போய்ச் சொன்னாய்.

பயந்தாவது என் பெயரைச் சொல்வாய் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் பக்கத்தை அன்றே எடுத்திருப்பேன், உன் பதவிக்கும் குறுக்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் நீ என்னை என்ன சொன்னாய் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பொறாமைக்காரி என்றது போகட்டும். எனக்குப் புத்தி பேதலித்துப் பல வருஷம் ஆகிறது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவளே நீதான் என்றாயாம். என் காய்ச்சலைக்கூட விட்டுவைக்கவில்லை நீ.

பக்கத்தை எடுக்கப்போவதில்லை. பேப்பர்காரர்கள் நேற்று வந்து முகவரியை வாங்கிப் போனார்கள். இனி வருகிறவர்கள் நிஜமாகவே வருவார்கள்.

உலகத்தில் என்னை நெட்டை என்று கூப்பிடுகிறவள் நீ ஒருத்திதான். இனி அந்தப் பெயரில் கடிதம் வந்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பறவைகளை வரைந்தவள்