வாசிக்கப்படாத நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

12-2-1969

பழைய காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். தாலுகா ஆபீஸ் உத்தரவுகளுக்கு நடுவே என் கையெழுத்தில் ஒரு தாள். வருடம் 1933. ‘நாற்பது வயதுக்குள் மூன்று நாவல்கள்.’ மூன்றுக்கும் தலைப்பு, முடிக்க வேண்டிய தேதி. இப்போது எனக்கு அறுபத்தேழு. முதலாவதே முடியவில்லை.

மனைவி கண்ணம்மாள் எட்டிப் பார்த்தாள். “எழுதறதுன்னா எழுதுங்க. இல்லீன்னா அடுப்புக்குக் குடுங்க. சும்மா எடுத்து எடுத்து மோந்து பாக்காதீங்க.”

13-2-1969

எழுதலாமா? இந்த வயதில்? முதல் நாவலின் கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. ஆனால் கைப்பிரதி என்னிடம் இல்லை. காரிமங்கலத்தில் வேலை பார்த்தபோது தகரப் பெட்டி செய்யும் அப்துல் சுபானிடம் கொடுத்தேன். “நீ மட்டும் படி, யாருக்கும் காட்டாதே” என்றேன். அவன் அபிப்பிராயம் தெரிந்த பிறகு முடிவை எழுதலாம் என்றிருந்தேன்.

அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாற்றலாகி வந்த பின் அவனுக்குக் கடிதம் எழுதவும் இல்லை. இத்தனை வருஷமும் பஸ் காரிமங்கலத்தில் நின்றால் தலையைக் குனிந்துகொள்வேன்.

20-2-1969

காரிமங்கலம் போகவில்லை.

27-2-1969

பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினேன். சீ.

4-3-1969

போனேன். சுபான் கட்டிலில் கிடக்கிறான். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம். பாதி உடம்பாகிவிட்டான். சிரிப்பு மட்டும் அப்படியே.

“என்னா சென்னப்பா, வழி தப்பி வந்துட்டியா?”

கேட்டே விட்டேன். “நல்லா இல்லேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, சுபான்?”

“அரே, படிச்சாத்தானே சொல்றதுக்கு! எனக்கு உருதுதான் வரும். தமிழ்ல என் கடை போர்டே படிக்கத் தெரியாது.”

“அப்புறம் ஏன் வாங்கிக்கிட்டே?”

“ரெண்டு கையாலே குடுத்தியே. எப்டி வேணான்றது? வேற ஆளை வெச்சுப் படிக்கலாம்னா, யாருக்கும் காட்டாதேன்னும் சொல்லிட்டே.”

ஞாயிறுதோறும் கடையில் பேப்பரை என்னிடம் நீட்டி, “நீ வாசிச்சாத்தான் நல்லாருக்கு” என்பான். என் குரல் பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். முட்டாள்.

அவன் மனைவி அக்தர் பேகம் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டியை நகர்த்தினாள். தாள்களின் நீள அகலத்துக்கே அளவெடுத்துச் செய்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் இருந்தன. ஓரங்கூட மடங்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

“எடுத்துட்டு ஓடிடாதே,” என்றான். “உக்காந்து வாசி.”

11-3-1969

முப்பது பக்கம் வாசித்தேன். நடை மோசம். எங்கு பார்த்தாலும் உவமை. வெட்கமாக இருந்தது. ஆனால் வத்தல்மலையிலிருந்து கணவனைத் தேடி முனியம்மாள் சாமை மூட்டையோடு இறங்கும் இடத்தில் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுவிட்டது. சுபான் கண்ணை மூடியபடி, “அப்புறம்?” என்றான்.

18-3-1969

“அந்தப் புருஷன்காரன் கெடைச்சா நானே நாலு போடுவேன்” என்றான் சுபான். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இனி நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டும்.

25-3-1969

நூற்றுப் பன்னிரண்டு. முனியம்மாள் மலையடிவாரத்தில் மூட்டையை இறக்கிவிட்டு நிற்கிறாள்.

“அப்புறம்?”

“அவ்வளவுதான். இன்னும் எழுதல.”

“எழுதிட்டு வா.”

31-3-1969

ஏழு தாள் கிழித்தேன். முடிவைச் சரியாகத் திட்டமிட்டுக்கொண்டுதான் எழுத வேண்டும். நாளை செவ்வாய், வாசிக்கப் போகும் நாள். போகப்போவதில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது?

3-4-1969

சுபான் நேற்று போய்விட்டான். செவ்வாய்க்கிழமை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தானாம். நான் வெறுங்கையோடாவது போயிருக்கலாம். போயிருக்கலாமே ஐயா.

12-5-1969

நேற்று நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போனேன். பெட்டியை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தானாம். திரைக்குப் பின்னாலிருந்து அக்தர் பேகம் சொன்னாள்: “பாவம் அண்ணா, அந்தப் பொம்பளையை அடிவாரத்துலயே நிக்க வெச்சுட்டீங்க.”

19-5-1969

பக்கம் 113. திட்டம் எதுவும் போடவில்லை. முனியம்மாள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். பதினோரு வரி வந்தது. கிழிக்கவில்லை. ஈரம் காய்ந்ததும் பெட்டியில் வைத்தேன்.

நாளை செவ்வாய். காலை பஸ்ஸில் காரிமங்கலம். அக்தர் பேகத்துக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.