பத்தாம் பகுதிக்கு ஒரு கையெழுத்து

தென்கரை, தோர்சே தீவு
3 ஏப்ரல் 2012

மிஸ் ஹாலிவெல் அவர்களுக்கு,

பதினொரு ஆண்டுகளாக என்னோடு பேசாதவருக்கு எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்கும் உரிமை எனக்கு இல்லை. சொல்ல வந்தவை நான்கு. மேலே படிப்பதா, அடுப்பில் போடுவதா என்று நீங்கள் முடிவு செய்ய வசதியாக அவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. என் மகள் எஃபி தன் திருமணத்துக்கு என்னை அழைத்திருக்கிறாள். போக எனக்குப் பாஸ்போர்ட் வேண்டும்.
2. விண்ணப்பத்தின் பத்தாம் பகுதியில், என்னை அறிந்த ஒருவர் சான்றுக் கையெழுத்திட வேண்டும். இந்தத் தீவில் அதற்குத் தகுதி உள்ளவர் நீங்கள் ஒருவர்தான்.
3. நீங்கள் செய்ய வேண்டிய வேலை சிறியது.
4. நீங்கள் மறுப்பீர்கள். அது நியாயமே.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நார்வேயில், பெர்கன் நகரில், ஜூன் 16ஆம் தேதி. மணமகள் இருவர். மற்றவள் பெயர் இங்குன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது. கையெழுத்திடுபவர் இரண்டு ஆண்டுகளாவது என்னை நேரில் அறிந்திருக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஒரு தொழிலில் இருப்பவர் அல்லது ஓய்வு பெற்றவராக இருக்க வேண்டும். பிறப்பாலோ திருமணத்தாலோ எனக்கு உறவாக இருக்கக் கூடாது. தோர்சேயில் நூற்றுப் பன்னிரண்டு பேர். உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன். நூற்று ஐந்து பேர் உறவு. மருத்துவமனைச் செவிலி என் சிற்றப்பா மகனின் மனைவி. பள்ளிக்கூடத்து ஆசிரியை என் அண்ணன் டானலின் மருமகள். தபால் கொண்டுவரும் பெக்கிக்கு நான் பெரியப்பா. நான்காம் தலைமுறை உறவெல்லாம் உறவா என்று உங்கள் லங்காஷயரில் கேட்பார்கள். ஏழு தலைமுறை எண்ணும் ஊரில் பிறந்துவிட்டு, “உறவில்லை” என்ற கட்டத்தில் ஒருவரைக் கையெழுத்திடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எஞ்சியவர் ஏழு பேர். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். டாக்டர் வந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. மிச்சம் போதகர் பீட்டனும், ஓய்வு பெற்ற ஆசிரியையான நீங்களும்.

போதகரிடம் போனேன். எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னேன். தேநீரை முழுவதும் குடித்து முடித்த பிறகே பதில் சொன்னார். “மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லுங்க, ஏனியஸ், இப்பவே போடுறேன். அந்தக் கல்யாணத்துக்குன்னா என் பேனாவுல மை இல்ல.” நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்தேன்.

மூன்றாவது. கறுப்பு மையில், கட்டத்துக்குள் கையெழுத்து, உங்கள் பாஸ்போர்ட் எண். பிறகு ஒரு புகைப்படத்தின் பின்புறத்தில், இது என்னுடைய உண்மையான உருவம் என்று ஒரு வரி. விண்ணப்பமும் இரண்டு படங்களும் இணைத்திருக்கிறேன்.

நான்காவது. எஃபி பெர்கனிலிருந்து எங்கள் திருச்சபை மூப்பர் கூட்டத்துக்கு ஒளிவில்லாமல் ஒரு கடிதம் எழுதினாள். இங்குனோடு வாழ்வதாகச் சொன்னாள். சபைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கினார்கள். நான் சபைச் செயலர். “ஒருமனதாக” என்று கூட்ட முடிவுகளைப் பதியும் மினிட் புத்தகத்தில் எழுதியது நான். அந்த முடிவை அவளுக்குத் தெரிவித்த கடிதமும் என் கையெழுத்தில்தான் போனது. கூட்டத்துக்கு முந்திய நாள் நீங்கள் என் வீட்டு வாசலில் நின்று, “ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்” என்றீர்கள். நான் சொல்லவில்லை. பிறகு எஃபி ஓர் அட்டையில் ஒரே வரி எழுதி அனுப்பினாள்: “அப்பா, நீங்க என்ன சொன்னீங்க?” அதற்கும் பதில் போடவில்லை.

எதையும் நியாயப்படுத்த இதை எழுதவில்லை. விவரம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

பணிவுடன்,
ஏனியஸ் மெக்காஸ்கில்

*

பழைய பள்ளி வீடு, தோர்சே
6 ஏப்ரல் 2012

மிஸ்டர் மெக்காஸ்கில்,

உங்கள் நான்காவது குறிப்பு சரி. மறுக்கிறேன்.

விண்ணப்பதாரரை நேரில் அறிந்தவர்தான் கையெழுத்திட வேண்டும் என்கிறது விதி. நான் உங்களைப் பற்றி அறிந்தது என்ன? மினிட் எழுதுவதில் இந்த மேற்குத் தீவுகளில் உங்களுக்கு இணை கிடையாது. மகளைக் கைவிட்டதைக்கூட ஓரம் விட்டு, மை சிந்தாமல் எழுதியவர். அதற்கு வேண்டுமானால் சான்று தருகிறேன்.

படங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்படி நேராகப் பார்க்கும் மனிதரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் கடையில் என்னைக் கண்டால் மாவுப் பையில் அச்சிட்டிருப்பதைப் படிக்கத் தொடங்கிவிடுவார். பதினொரு ஆண்டுகளில் அந்தப் பை உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும்.

நான் அந்தப் பெண்ணுக்கு ஐந்து வயதிலிருந்து பாடம் சொல்லிக்கொடுத்தேன். விழுந்தால் அழாமல் எழுந்து நின்று, தன்னைத் தள்ளியது யார் என்று பார்ப்பாள். உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்த அன்றும் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

நீங்கள் என்னிடம் கேட்பது ஒரு கையெழுத்து. அவள் உங்களிடம் கேட்டது ஒரு பதில். அதைக் கொடுக்காமல் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய் உட்காரலாம் என்று எந்த விதி சொல்கிறது? உங்களுக்குத்தான் விதிகள் அத்துப்படி ஆயிற்றே, தேடிப் பாருங்கள்.

டோரத்தி ஹாலிவெல்

*

தென்கரை
19 ஏப்ரல் 2012

மிஸ் ஹாலிவெல் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வெட்கமாக இருந்தது. பிறகு, சொல்லத் தயக்கமாக இருக்கிறது, கோபம் வந்தது. எழுபத்தாறு வயதில் கோபப்பட எனக்குப் பழக்கம் போதாது. எழுத்து அங்கங்கே சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

செவ்வாய்க்கிழமை மூப்பர் கூட்டம் நடந்தது. போதகர், டானல், இன்னும் மூன்று பேர், நான். முந்தைய மினிட்டை வாசித்தேன், ஏற்றுக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். வேறு ஏதாவது உண்டா என்று போதகர் கேட்டார். இருபத்தாறு ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு “இல்லை” என்று எழுதி வந்திருக்கிறேன். அன்று எழுந்து நின்றேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். எஃபியைப் பற்றிய மினிட்டில் ஒரு பொய் இருக்கிறது, எழுதியது நான், அதைத் திருத்த வேண்டும் என்றேன்.

போதகர் கோபப்படவில்லை. “ஏத்துக்கிட்ட மினிட்டத் திருத்த முடியாதே, ஏனியஸ். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான்.”

அவர் சொன்னது சரி. வாரம் முழுவதும் என்னை உறங்கவிடாமல் செய்ததும் அதுதான். ஆனால் வழி இருக்கிறது. “பழசைத் தொடல. இன்னிக்கு நடந்ததை இன்னிக்கு எழுதலாம். இப்ப நான் பேசிக்கிட்டிருக்கேன். அதை எழுதுறேன்” என்றேன்.

டானல் மேசையில் தட்டினான். “டேய், பேனாவக் கீழ வை.”

“எழுதி முடிச்சிட்டு வைக்கிறேன்.”

நான் எழுதியது இது: “9 ஜனவரி 2001 அன்று ‘ஒருமனதாக’ என்று பதிவானது உண்மையல்ல. செயலர் உடன்படவில்லை. சொல்லத் துணிவில்லாமல் இருந்தார். இன்று சொல்கிறார்.” உரக்க வாசித்தேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. இரண்டு இடத்திலும் நின்று, வரியின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசித்தேன்.

டானல் சன்னல் பக்கம் திரும்பி, “நம்ம அப்பா உக்காந்த நாற்காலிடா அது” என்றான். எனக்கும் அது தெரியும். போதகர் புத்தகத்துக்காகக் கையை நீட்டினார். மை காய ஒற்றுத்தாள் வைத்து அழுத்திவிட்டுக் கொடுத்தேன். அதை வைத்துப் பூட்டும் பெட்டியின் சாவியையும் கேட்டார். அதையும் கொடுத்தேன். வெளியே மழை. தொப்பியை உள்ளே மறந்துவிட்டேன். திரும்பிப் போய் எடுக்கவில்லை.

இப்போது முக்கியமானது. இதை உங்கள் கையெழுத்துக்காக நான் செய்யவில்லை. அப்படி ஒரு நினைப்பு உங்களுக்கோ எனக்கோ வந்துவிடக் கூடாது. ஆகவே விண்ணப்பத்தை இதோடு அனுப்பவில்லை. படகேறி நகரத்துக்குப் போய்க் கண் பரிசோதகரிடம் கேட்கப்போகிறேன். அவர் தொழில் பட்டியலில் இருக்கிறது. இருபது ஆண்டுகளாக என் கண்களை மட்டும் பார்த்தவர், அவற்றையாவது அறிந்தவர்.

ஏனியஸ் மெக்காஸ்கில்

*

பழைய பள்ளி வீடு
20 ஏப்ரல் 2012

ஏனியஸ்,

பெக்கி தபால் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இன்ஜினை அணைக்காமலே ஓடிவந்தாள். கையில் உங்கள் கடிதம். அதைக் கொடுக்காமல், “மிஸ், பெரியப்பா வாயத் தொறந்துட்டாரு” என்றாள். யாரிடம் என்று கேட்டேன். “எல்லார்கிட்டயும்” என்றாள். பிறகு என் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள், என் பிஸ்கட் எல்லாவற்றையும் தின்றாள், தெற்கே மூன்று வீடுகளுக்குத் தபால் தாமதம்.

கண் பரிசோதகர் வேண்டாம். முதலாவது, அவர் உங்களைத் தொழில்முறையில்தான் அறிவார், செல்லாது. இரண்டாவது, நாள் இல்லை. அலுவலகத்துக்கு ஆறு வாரம் வேண்டும். உங்களுக்கு இருப்பதோ எட்டு. விண்ணப்பத்தையும் படங்களையும் இன்றே பெக்கியிடம் கொடுத்தனுப்புங்கள். இது வேண்டுகோள் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவள் சொல்கிறேன்.

நான் கையெழுத்திடுவதற்குக் காரணம் நீங்கள் எழுந்து நின்றது அல்ல. தாமதமாக எழுந்தவர்களைத் தட்டிக்கொடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை. விண்ணப்பத்தை எனக்கு அனுப்ப மாட்டேன் என்றீர்களே, அதுதான் காரணம். அந்த ஆளைப் பற்றி உண்மையாகச் சான்று சொல்ல என்னால் முடியும்.

எஃபி என்னையும் அழைத்திருக்கிறாள். ஆண்டுதோறும் எனக்கு எழுதுகிறாள். என் இடுப்பெலும்பு விமானப் படி ஏறாது, வர முடியாது என்று பதில் போட்டுவிட்டேன். உங்களைப் பற்றி அவளுக்கு ஒரு வரியும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அது உங்கள் வேலை. உங்கள் முதல் கடிதத்தைப் பற்றியும் நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

கட்டத்துக்கு வெளியே ஒரு கோடு போனால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடுமாம். வெறும் காகிதத்தில் பத்துமுறை எழுதிப் பழகிவிட்டேன். என்னைக் கிண்டல் செய்ய வேண்டாம்.

டோரத்தி

*

பெர்கன்
15 ஜூன் 2012

அன்புள்ள டோரத்தி அவர்களுக்கு,

பாஸ்போர்ட் வந்த அன்று பெக்கி அதை உங்களிடம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள் என்று அறிந்தேன். அது தபால் விதிகளுக்கு எதிரானது. புகார் செய்வதாக இல்லை.

டானல் படகுத் துறைக்கு வந்தான். வழியனுப்ப அல்ல. “போயிட்டு வந்தீன்னா இங்க ஒரு வீட்லயும் உன்ன ‘வா’ன்னு கூப்பிட மாட்டாங்க” என்றான். எல்லாரும் கேட்கும்படியாகச் சொன்னான். நானும் எல்லாரும் கேட்கும்படியாகத்தான் பதில் சொன்னேன். “கூப்பிடாத எடத்துக்குத்தான் இப்பப் போறேன், டானல். பழகிடும்.” அவனுக்கு அது புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

வீடு ஒரு குன்றின் மேல். நூற்றுப் பதினேழு மரப்படிகள். பாதியில் ஒருமுறை இறங்கத் தொடங்கினேன். பதினொரு படி இறங்கினேன், பிறகு ஏறினேன். கதவைத் திறந்தது இங்குன். உயரமான பெண், கையில் மாவு. யார் வேண்டும் என்று முதலில் அவர்கள் மொழியில் கேட்டாள், பிறகு நம் மொழியில். பதிலாகச் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, என் பெயர் இருக்கும் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். எல்லைக் காவலரிடம் காட்டுவதுபோல. அவள் அதைப் படித்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி படித்தாள். பிறகு உள்ளே திரும்பி எஃபியைக் கூப்பிட்டாள்.

எஃபிக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. ஒரு பக்கம் முடி நரைத்திருக்கிறது. நான் எதிர்பார்க்கவில்லை. ஏன் எதிர்பார்க்கவில்லை என்று தெரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

“உங்கள யாரு கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிடல. நீ ஒண்ணு கேட்டிருந்தே. அதுக்குப் பதில் சொல்ல வந்தேன்.”

“பதினொரு வருஷம் கழிச்சா?”

“ஆமா. அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல, எஃபி. நீ தப்புன்னு நான் நெனைக்கல. ஆனா வாயத் தொறக்கல. ஏப்ரல்ல தொறந்தேன். அவங்க புத்தகத்தையும் சாவியையும் வாங்கிட்டாங்க.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. படியில் நின்ற நான், வந்த வேலை முடிந்தது, கீழே நகரத்தில் ஒரு விடுதியில் அறை இருக்கிறது, நாளை திரும்பிவிடுவேன் என்றேன். அதுவும் உண்மைதான், அறைக்கு முன்பே ஏற்பாடு செய்திருந்தேன்.

“நாளைக்குத் தீவுக்குப் படகு கெடையாது” என்றாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள். “ஷூவக் கழட்டிட்டு வாங்க. தரை இப்பத்தான் தொடச்சது.”

அவர்களுடைய அடுக்களை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்குன் எனக்கு உருளைக்கிழங்கு மாவில் செய்த அப்பம் கொடுத்தாள். வெண்ணெயும் சர்க்கரையும் தடவியது. எஃபி பக்கத்து அறையில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒன்று அதிகம் வேண்டும் என்று யாரோடோ தொலைபேசியில் சண்டை போடுகிறாள். அது எனக்கா என்று கேட்கத் துணிவு வரவில்லை. கேட்காமலே நாளை போய் நிற்பேன்; இடம் இல்லையென்றால் சுவரோரம் நிற்பேன். அதற்குத் துணிவு இருக்கிறது.

ஒரு திருத்தம் பாக்கி. என் முதல் கடிதத்தின் முதல் குறிப்பில், எஃபி என்னை அழைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தேன். அவள் அழைக்கவில்லை. உங்களுக்கு வந்த அழைப்பிதழைப் பற்றிப் பெக்கி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் குறிப்பு தவறு.

ஏனியஸ்