வாளியில் கலந்த பற்கள்

மார்ச் 3, திங்கள்

இன்று ராட்சதச் சுறாவின் வாயைக் கழுவினேன், பல லட்சம் வருடம் முன்பே அழிந்துபோன சுறா. மாதிரி வாய்தான், ஆள் நுழையும் அளவு. காட்சிக்கூடத்தில் தரை துடைக்கச் சேர்ந்து நான்கு மாதமாகிறது. பல்லைத் தொட்டது இதுவே முதல் முறை. முன்வரிசையில் நாற்பத்தாறு. திருகைக் கழற்றி, ஊறவைத்து, துடைத்து, மாட்டினேன். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரியது.

மார்ச் 4

தப்பாக மாட்டியிருக்கிறேன். மேல் பல் அகலம், கீழ்ப் பல் ஒடுக்கம், ஓரத்துப் பல் வாயோரமாகச் சாய வேண்டும் — சுவரில் இருக்கும் படத்தை இன்றுதான் நின்று பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டியவள் நான்தானே. யாரும் கவனிக்கவில்லை. சொல்லட்டுமா?

மார்ச் 5

மேற்பார்வையாளரின் அறைக்குள் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தங்கையின் வகுப்பு காட்சிக்கூடத்துக்கு வருகிறதாம். "அக்கா, அன்னைக்கு என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, சரியா?" என்றாள். அம்மா அவளை முறைத்தாள். நான் சரி என்றேன்.

மார்ச் 6

திருப்புளி மேற்பார்வையாளரின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. கேட்டால் எதுக்கு என்பார். எனக்கு மட்டும் ஏன் வாயே வரமாட்டேங்குது? எட்டாவதோட நின்னவ சொன்னா யாரு கேப்பா?

மார்ச் 7

தங்கையின் வகுப்பு வந்தது. பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லும் அண்ணனிடம் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "இந்தப் பல்லு ஏன் கோணலா இருக்கு?"

"அதுவும் உன்னை மாதிரி பல்லு விளக்காம இருந்திருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

என் குரல்தான். கையில் துடைப்பம். எல்லோரும் திரும்பினார்கள். பிறகு நிறுத்த முடியவில்லை, சுவர்ப் படத்தின் கீழே படித்ததையெல்லாம் சொன்னேன் — கீழ்ப் பல் குத்திப் பிடிக்க, மேல் பல் அறுக்க.

"மிச்ச எலும்பெல்லாம் எங்கே?" என்றாள் அந்தச் சின்னப் பெண்.

"உன் காதை மடக்கிப் பாரு. வளையுதா? சுறாவுக்கு உடம்பு பூரா அந்த மாதிரிதான். அதெல்லாம் மக்கிப் போச்சு. பெரும்பாலும் பல்லுதான் மிஞ்சுச்சு."

முப்பது பிள்ளைகளும் காதை மடக்கினார்கள். தங்கை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரலும் காதில்தான் இருந்தது.

மார்ச் 8

மேற்பார்வையாளரிடம் கால்மணி நேரம் திட்டு. வேலை இருக்கிறதா, போய்விட்டதா? அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 10

மேற்பார்வையாளர் திருப்புளியை மேசைமேல் வைத்தார். "நீயே கழட்டு. இந்தத் தடவை ரெண்டு வாளி வச்சுக்கோ."

மாலையில் தங்கை வந்தாள், இரண்டு தோழிகளோடு. "அக்கா, எது எங்க மாட்டணும்னு இவங்களுக்கும் காட்டு."

கீழ்த்தாடையின் கடைசிப் பல்லை அவள் கையில் கொடுத்து, அசையாமல் பிடிக்கச் சொன்னேன்.