நாடகத்தில் ஒரு கடிதம்தான்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிழி.

இங்கே நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் சிலர் கூடிப் பழைய நாடகங்கள் வாசிக்கிறோம். மனித மனத்தைப் புரிந்துகொள்ளலாம் என்று உன் அப்பாதான் என்னையும் இழுத்துப்போனார். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறக்க வைப்பதே தொழில், அங்கேயும் அதைத்தான் செய்கிறார். ஆளுக்கொரு பாத்திரம் வாசிக்க வேண்டும். முடிந்ததும் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தப் பாத்திரமாகவே இருந்து பதில் சொல்ல வேண்டும்.

போன வாரம் எனக்கு வந்தவள், மகன் அனுப்பிய கடிதத்தைக் கணவனிடம் காட்டாமல் ஒளித்துவைக்கும் ராணி. "ஏம்மா மறைச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். "படிச்சா இவரு உடனே கிளம்பிப் போயிடுவாரு. அப்புறம் வீட்ல நான் மட்டும்தான் கெட்டவ" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் உன் அப்பா, "மொத்தம் எத்தனை கடிதம்?" என்று கேட்டார்.

"மூணு" என்று சொல்லிவிட்டேன்.

நாடகத்தில் ஒரு கடிதம்தான். பக்கத்திலிருந்தவர் புத்தகத்தைப் புரட்டித் தேடினார். உன் அப்பா தேடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் மூன்று கடிதங்களையும் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். இரண்டு வருஷமாக, "அவ நம்மள மறந்துட்டா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஆமாம் போட்டவள் நான். நீ விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போன கோபம். வேறு காரணம் ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையது.

குழந்தை பிறந்ததையும், அப்பா சொல்லும் பெயரைத்தான் வைப்பேன் என்பதையும் மூன்றாவதில் எழுதியிருந்தாய். அது வந்து ஏழு மாதம் ஆகிறது. ஐந்து நாளாக என்னோடு பேச்சு இல்லை. சாப்பிடுகிறார், மாத்திரை போட்டுக்கொள்கிறார். நேற்று மட்டும், "குழந்தைய இப்ப என்னன்னு கூப்பிடறாங்களோ" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இன்று காலை ஒரு தாளில் ஏதோ எழுதி, மடித்து, மேலே உன் முகவரியைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். தபாலில் சேர்க்க வேண்டியவள் நான்தானாம். பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ ஏற்கெனவே வேறு பெயர் வைத்திருந்தால் அதுவே இருக்கட்டும். அவருக்கு எழுது, எனக்கு வேண்டாம். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. அவர் என்ன பெயர் எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, கண்ணு. உன் வாயால் எப்போதாவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா