நோட்டீசின் மூலையில் இரண்டு எழுத்து

ஈப்போ, 14.6.1983

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஸ்டானிஸ்லாஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ஆபீசில் ஒரு சின்ன விஷயம், பதற வேண்டாம். நம் ரப்பர் தோட்டத்தை வாங்கிய கம்பெனி, நம் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்புகிறது. கம்பெனிக்கு வக்கீல் என் முதலாளி யேசுதாசன்தான். உங்களோடு பால்மரம் வெட்டியவரின் மகன், தமிழ்ப்பள்ளிக்குக் கூரை போட்டுத் தந்தவர், நீங்கள் வீடு வீடாக ஓட்டுக் கேட்டுச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய அதே யேசுதாசன். மாதா திருநாளில் தேருக்கு முன்னால் இந்த வருஷமும் அவர்தான் நடந்தார்.

நாற்பது வீட்டு நோட்டீசையும் நான்தான் டைப் அடித்தேன். நம் வீட்டு முறை வந்ததும் கை நின்றுவிட்டது. அவர் பார்த்துவிட்டார்.

"என்னலா ஸ்டானிஸ்? ஓட்டு வேற, கேஸ் வேற. நான் எடுக்காட்டி இன்னொரு லாயர் எடுக்கப் போறான். அடிச்சு முடி."

அடித்து முடித்தேன்.

சனிக்கிழமை நான் தஞ்சோங் மாலிமுக்கு வீட்டுக்கு வருகிறேன், அம்மாவை மிளகாய்த்தூள் இடித்து வைக்கச் சொல்லுங்கள். மெஸ் சாப்பாடு இறங்கவில்லை. என் பழைய போர்வையும் வேண்டும்.

நோட்டீஸ் இங்கிலீஷில் வரும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் காட்டாதீர்கள், வரும்போது நானே படித்துச் சொல்கிறேன். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். டைப் அடித்தவனின் இனிஷியலை மேல்மூலையில் போடுவது ஆபீஸ் வழக்கம். அங்கே சின்னதாக 'எல்.எஸ்.' என்று இருக்கும். எஸ் நான். எல் என்பது லூயிஸ், உங்கள் பெயர்தான் அப்பா.

மகன்,
ஸ்டானிஸ்லாஸ்